மண் சாமியாயிற்று; பிசைந்த கை என்ன ஆயிற்று?

தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கங்கை நிற்கிறாள். களிமண்ணைப் பிசைந்து, உருவம் கொடுத்து, சூளையில் சுட்டு எடுத்த கங்கை. ஏறத்தாழ ஆளுயரம். காலடியில் மகரம், கையில் தண்ணீர்க் குடம். அவளுக்கு இணையாக ஆமை மீது நிற்கும் யமுனை. உத்தரப் பிரதேசத்தின் பரேலி மாவட்டத்தில் இருக்கும் அகிச்சத்ராவில், ஒரு சிவன் கோயிலின் மேல்தளத்துக்கு ஏறும் படிகளின் இருபுறமும் இவர்கள் நின்றிருந்தார்கள். குப்தர் காலம், சுமார் 5-6ஆம் நூற்றாண்டு.

முதன்முறை அந்தக் கங்கையின் முன் நின்றபோது எனக்குப் பக்தியும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அப்பத்தாவின் ஞாபகம்தான் வந்தது. "இம்புட்டுப் பெருசை வெடிக்காம எப்படிச் சுட்டாக?" என்றுதான் அவர் கேட்டிருப்பார். நான் சிவகங்கைப் பக்கத்து வேளார் வீட்டுப் பெண். தாத்தா அய்யனாருக்குக் குதிரை செய்தவர். அப்பத்தா மண் மிதித்தவர், சலித்தவர், பிசைந்தவர், காயவைத்தவர், சூளை அடுக்கியவர், தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்றவர். இத்தனையும் செய்தவர் சக்கரத்தை மட்டும் தொடக்கூடாது. பெண் தொட்டால் தீட்டு.

இப்போது கங்கைச் சமவெளியின் சுடுமண் உருவங்களைப் பற்றித் தில்லியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். முடிந்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் என் குடும்பப் பின்னணியைக் கேட்டறிந்து, மனம் நெகிழ்ந்து, "அப்படியா? இது உன் ரத்தத்திலேயே இருக்குமே!" என்றார். பாராட்டத்தான் சொன்னார். எட்டு ஆண்டுகள் படித்ததும், அகழாய்வு அறிக்கைகளோடு மல்லுக்கட்டியதும், இந்தியும் சமஸ்கிருதமும் கற்றதும் ஒரு நொடியில் காணாமல் போயின. மிச்சமிருந்தது ரத்தம். சாதி என்ற சொல்லை உச்சரிக்காமலே சாதியைச் சொல்லிவிடும் வித்தை இதுதான்.

இந்தக் கட்டுரை அந்தப் பேராசிரியருக்கான பதில். கூடவே, "சாதியொழிப்பு பேசிக்கொண்டு சாமி பொம்மைகளை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய்?" என்று கேட்கும் என் தோழர்களுக்கான பதிலும்.

நான்கு தகவல்களும் விடுபட்ட ஒன்றும்

அருங்காட்சியகங்களில் இத்தகைய உருவங்களுக்குக் கீழே ஓர் அட்டை இருக்கும். தெய்வத்தின் பெயர், பொருள், காலம், கிடைத்த இடம் என நான்கு தகவல்கள். செய்தவர் யார் என்கிற ஐந்தாவது தகவலுக்கு அந்த அட்டையில் இடமே விடுவதில்லை.

பெயர் தெரியாதபோது எதை எழுதுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மன்னன் பெயர் தெரியாதபோது 'குப்தர் காலம்' என்று எழுதத் தெரிகிறதே? கோயிலைக் கட்டுவித்தவர் பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய வம்சக் காலம் ஏறிவிடுகிறது. பிசைந்தவரின் பெயர் தெரியாவிட்டால் அவருடைய தொழில்கூட ஏறுவதில்லை. அந்தச் சிலையைக் குப்தர் யாரும் பிசையவில்லை. ஆனாலும் அது 'குப்தர் கலை'.

பெரிய சுடுமண் உருவம் செய்வது விளையாட்டல்ல. மண்ணில் உமியோ வைக்கோலோ மணலோ சரியான அளவில் சேர வேண்டும். இல்லாவிட்டால் காயும்போதே விரிசல் விடும். உருவத்தை உள்ளே கூடாக விட்டுச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சூளையில் வெடிக்கும். நிழலில் மெல்லக் காய வேண்டும். ஈரம் முழுதும் போகாமல் சுட்டால் பல நாள் உழைப்பு ஒரே நேரத்தில் ஓடாகிவிடும். இவ்வளவும் அறிவு. தப்புச் செய்து, திருத்தி, தலைமுறைகளாகச் சேர்த்த அறிவு. இதை 'ரத்தம்' என்று சொல்வது, அறிவு என்று ஒப்புக்கொள்ளாமல் தப்பிப்பதற்கான வழி. வேதம் ஓதுவது கல்வி, பானை வனைவது பிறவிக்குணம் என்ற பாகுபாடு பல்கலைக்கழகத்துக்குள்ளும் நல்ல தமிழிலும் நல்ல ஆங்கிலத்திலும் நடமாடுகிறது.

'இந்து' என்கிற ஒற்றைத் தலைப்பு

கங்கைச் சமவெளியில் கல் அரிது; வண்டல் மண் ஏராளம். அதனால் அங்கே மக்களின் வழிபாட்டு வரலாறு பெரும்பகுதி மண்ணில்தான் கிடைக்கிறது. அந்த மண் சொல்லும் கதை, 'இந்துக் கடவுளரின் தொன்மையான சுடுமண் சிற்பங்கள்' என்ற தலைப்புக்குள் அடங்காது.

மதுராவில் கி.மு. காலத்துச் சாம்பல் நிறப் பெண் உருவங்கள் கிடைக்கின்றன. தலை நிறையப் பூ அலங்காரம், அகன்ற இடுப்பு. அவற்றில் பெயர் எதுவும் எழுதப்படவில்லை. அகழ்ந்தவர்கள் 'தாய்த் தெய்வம்' என்று பெயரிட்டார்கள். மேற்கு வங்கத்துச் சந்திரகேதுகரில் கொண்டையில் ஆயுத வடிவ ஊசிகளைச் செருகிய பெண்கள் கிடைக்கிறார்கள். யட்சி என்கிறார் ஒருவர், அப்சரஸ் என்கிறார் இன்னொருவர், தேவி என்கிறார் மற்றொருவர். களிமண்ணில் பெண் உருவம் கிடைத்தாலே தேவி ஆக்கிவிடுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அவள் தேவியாக இருக்கலாம். குழந்தையின் பொம்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒருமுறை 'தேவி' என்று அட்டையில் ஏறிவிட்டால், அடுத்த தலைமுறை அவளை 'நம் சனாதன மரபின் தொடக்கம்' என்று மேடையில் பேசும்.

அகிச்சத்ராவையே எடுத்துக்கொள்வோம். 1940-44 ஆண்டுகளில் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. கிடைத்த சுடுமண் உருவங்களை வாசுதேவ சரண் அகர்வாலா வகைப்படுத்தி எழுதினார். அந்தப் பட்டியலில் ஆளுயரக் கங்கை, யமுனையோடு, ஆட்டுத் தலை கொண்ட நைகமேஷ உருவங்களும் நிறைய இருக்கின்றன. சிறியவை, கையாலேயே பிடித்தவை. பிள்ளைப்பேற்றோடு தொடர்புடைய தெய்வம் இது. சமண மரபில் மகாவீரரின் கருவை ஒரு வயிற்றிலிருந்து இன்னொரு வயிற்றுக்கு மாற்றியதாகச் சொல்லப்படுபவர். கோயில் படியில் பெரிய தேவியர். வீட்டுக்குள் பிள்ளை நலத்துக்காக ஒரு சின்ன ஆட்டுத்தலைச் சாமி. இந்த இரண்டாவது சாமிக்குப் புரோகிதர் தேவையில்லை, பொன் தேவையில்லை, சக்கரம்கூடத் தேவையில்லை. சக்கரம் தேவைப்படாத வேலை என்றால், அதில் பெண்களின் கை எவ்வளவு இருந்திருக்கும்? என் ஆய்வில் என்னை விடாமல் துரத்தும் கேள்வி இது.

கி.மு. 2ஆம் நூற்றாண்டு வாக்கில் அச்சில் அழுத்தித் தகடுகள் செய்யும் முறை பரவியது. ஓர் அச்சிருந்தால் நூறு உருவம். சிலவற்றின் மேற்பகுதியில் தொங்கவிடுவதற்கான துளையும் உண்டு. மலிவான, கையில் எடுத்துப்போகக்கூடிய உருவங்கள். யட்சர், யட்சி, நாகர், பௌத்தர்கள் வணங்கிய ஹாரீதி என்று எல்லோரும் ஒரே மண்ணில், ஒரே தெருக்காரர்களின் கையில் உருவானவர்கள். வாங்குகிறவர் பௌத்தரா, சமணரா, சைவரா என்று சூளை கேட்பதில்லை.

அதற்குப் பின்னர்தான் புராணக் கடவுளருக்குச் செங்கல் கோயில்கள் எழுகின்றன. கான்பூர் மாவட்டத்துப் பீதர்காவில் 5ஆம் நூற்றாண்டுச் செங்கல் கோயில், சுவர் நிறையச் சுடுமண் பலகைகள். ராஜஸ்தானத்து ரங்மகாலில் கோவர்த்தன மலையைத் தூக்கும் கிருஷ்ணன். அகிச்சத்ராவின் சிவன் கோயிலில் தட்சனின் யாகத்தைச் சிவகணங்கள் அழிக்கும் காட்சி என்று அடையாளம் காணப்பட்ட பலகை. யாகத்தில் பங்கு மறுக்கப்பட்ட சாமியின் ஆட்கள் யாகசாலையை அடித்து நொறுக்குகிறார்கள்! அதைச் செய்த கைகளுக்கும் யாகத்தில் பங்கு கிடையாது. இந்தப் பலகையை 'இந்துக் கலையின் உச்சம்' என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

தங்களை 'இந்து' என்று ஒற்றைச் சொல்லால் அழைத்துக்கொண்ட மக்கள் யாரும் அந்த நூற்றாண்டில் அங்கே இல்லை. பல சாமிகள், பல மரபுகள், பல சண்டைகள் இருந்தன. அத்தனையையும் ஒரே தலைப்பின் கீழ்த் திரட்டுகிறவர்கள், சாமிகளை உள்ளே சேர்த்துக்கொண்டு செய்தவர்களை வெளியே நிறுத்துகிறார்கள். திரட்டலின் சூட்சுமம் இதுதான்.

பொற்காலத்தின் மண்

பள்ளிப் பாடநூலில் குப்தர் காலம் பொற்காலம். அந்தப் பொற்காலத்தின் சாமிகள் மண்ணால் ஆனவர்கள் என்பது பாடநூலில் இல்லை. அந்த மண்ணைத் தொட்டவர்களுக்கு என்ன இடம் என்பதும் இல்லை.

அமரகோசம் என்ற சமஸ்கிருத நிகண்டு பொதுவாகக் குப்தர் காலத்தை ஒட்டியதாகக் கருதப்படுகிறது. அது மனிதர்களைப் பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர் என்று நான்கு பகுதிகளாகப் பிரித்துச் சொற்களைத் தருகிறது. குயவரைக் குறிக்கும் சொற்கள் சூத்திரப் பகுதியில் இருக்கின்றன. தச்சர், கொல்லர், ஓவியரும் அங்கேதான். சண்டாளருக்கான சொற்களும் அங்கேதான். அகராதியே வருணத்தின்படி அடுக்கப்பட்ட காலம் அது. ஒரு சொல்லைத் தேட வேண்டுமானால் சாதி வழியாகத்தான் போக வேண்டும்.

6ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் நிலத்தையே வருணமாகப் பிரிக்கிறார். வெள்ளை மண் பிராமணருக்கு, சிவப்பு சத்திரியருக்கு, மஞ்சள் வைசியருக்கு, கருப்பு சூத்திரருக்கு. அதே நூல் மண்ணால் செய்த தெய்வ உருவம் ஆயுளும் செல்வமும் பலமும் வெற்றியும் தரும் என்கிறது. மண்சாமி வரம் தரும். மண்ணுக்கு மட்டும் சாதி உண்டு. இரண்டும் ஒரே ஆசிரியரின் ஒரே நூலில் இருக்கின்றன.

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்துறவி பாஹியான் இதே சமவெளியில் பயணம் செய்தார். சண்டாளர்கள் ஊருக்கு வெளியே வாழ்ந்ததையும், நகருக்குள் நுழையும்போது மரக்கட்டையைத் தட்டி ஒலியெழுப்ப வேண்டியிருந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஒலி கேட்டு மற்றவர்கள் விலகிக்கொள்ள வேண்டும். கங்கையும் யமுனையும் படியேறி நின்ற காலத்தின் தெருச்சத்தம் இது. சிலையைப் பற்றிய எந்த அட்டையிலும் இந்தச் சத்தம் கேட்காது.

பெயர் இருந்த குயவர்கள்

'அந்தக் காலத்தில் கைவினைஞர் பெயரைப் பதியும் வழக்கமே இல்லை' என்று சொல்லிக் கதையை முடித்துவிடுகிறார்கள். இந்தத் துணைக்கண்டத்தின் பழைய நூல்களில் குயவர்களுக்குப் பெயர் உண்டு. எந்த நூல்களில் என்று பாருங்கள்.

ஆசீவகத் தலைவர் மக்கலி கோசாலர் சிராவஸ்தியில் தங்கியது ஹாலாஹலா என்ற குயவப் பெண்ணின் தொழிற்கூடத்தில். இதைச் சொல்வது சமணரின் பகவதி சூத்திரம். ஒரு பெண், பெயரோடு, சொந்தத் தொழிற்கூடத்தோடு. உவாசகதசாவோ என்ற மற்றொரு சமண நூலில் சத்தாலபுத்தர் என்ற செல்வந்தக் குயவர் வருகிறார். ஆசீவகராக இருந்து, மகாவீரரோடு விவாதித்து, சமணத்துக்கு மாறியவர். பௌத்தத்தின் மஜ்ஜிம நிகாயத்தில் கட்டிகாரர் என்ற குயவர். கண் தெரியாத பெற்றோரைப் பராமரித்தவர். தன் பிராமண நண்பன் ஜோதிபாலனைப் புத்தரைக் காண வரும்படி அழைத்து அழைத்துப் பார்த்து, வராதபோது, குளித்து முடித்திருந்த அவன் தலைமுடியைப் பிடித்தே இழுக்கிறார். தாழ்ந்த பிறப்புக்காரன் என் தலையைத் தொட்டானே என்று ஜோதிபாலன் திகைக்கிறான். திகைத்தவன், இவ்வளவு துணிகிறான் என்றால் ஏதோ பெரிய விஷயம் இருக்க வேண்டும் என்று எண்ணிப் பின்னால் போகிறான்.

இவை நடந்த வரலாறா, கதையா என்பது இங்கே கேள்வியல்ல. கதை சொல்லவும் ஒரு குயவருக்குப் பெயர் வைக்கத் தோன்ற வேண்டும் அல்லவா? அந்த நினைப்பு சிரமண மரபுகளில் இருந்தது. நாசிக் குகையில் ஆபீர மன்னன் ஈசுவரசேனன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, நோயுற்ற துறவிகளின் மருந்துச் செலவுக்காகத் தொழிற்குழுக்களிடம் பணம் முதலீடு செய்யப்பட்டதைச் சொல்கிறது. குயவர் குழு என்று பொருள்கொள்ளப்படும் குழுவும் அவற்றில் ஒன்று. பணத்தை நம்பிக் கொடுக்கும் அளவுக்கு நிறுவனமாக இருந்தவர்கள், நிகண்டில் சூத்திரப் பகுதியின் ஒரு சொல்லாகச் சுருங்கினார்கள். இதை 'வளர்ச்சி' என்றும் 'பொற்காலம்' என்றும் எப்படி அழைப்பது?

உடைந்த பானை

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். அறிவாளிக் குயவர், திருடிய பார்ப்பனியம். என் சாதிக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம்.

மண் கலத்தின் வரலாற்றில் இன்னொரு பக்கம் உண்டு. மநு சண்டாளருக்கு விதித்தது உடைந்த கலத்தில் உணவு. பேஷ்வாக்களின் புனேயில் தீண்டப்படாதவர் தம் எச்சில் தரையில் விழாதபடி கழுத்தில் மண்கலயத்தைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் எழுதினார். 1927 மார்ச் 20 அன்று மகாட் குளத்தில் அவரும் தோழர்களும் தண்ணீர் அள்ளிக் குடித்த பிறகு, சாதி இந்துக்கள் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். தயிர், பால், சாணம், கோமியம் நிரம்பிய 108 மண்பானைகளை அதற்குப் பயன்படுத்தினார்கள். இந்தப் பானைகளையும் யாரோ வனைந்தார்கள். கங்கையின் கையில் குடத்தை வைத்த அதே தொழில்தான் கழுத்துக் கலயத்தையும் செய்தது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பானை வாங்குகிறவர்கள் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்த பானை. மந்தமாகக் கேட்டால் விரிசல். ஊர்த்தெருக்காரர்கள் நாலைந்து பானையை எடுத்துச் சுண்டி, பேரம் பேசி, ஒன்றை எடுத்துப் போவார்கள். சேரியிலிருந்து வருகிறவர்கள் தள்ளி நின்று விரல் நீட்டிக் காட்ட வேண்டும். அவர்களுக்காக அப்பத்தாவே சுண்டிக் காட்டுவார். அவர்கள் தொட்ட பானையை வேறு யாரும் வாங்க மாட்டார்கள் என்பது அவருடைய நியாயம். பெரிய கோயில் கருவறைக்கு வெளியே நிற்க வேண்டிய குடும்பம்தான் எங்களுடையது. அந்தக் குடும்பத்துக்கும் தள்ளி நிறுத்த ஆள் இருந்தார்கள்.

கல்லூரியில் படிக்கும்போது என் தோழி ஒருத்தி ஊருக்கு வந்தாள். சேரியைச் சேர்ந்தவள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சூளையடியில் அடுக்கியிருந்த பானைகளில் ஒன்றை எடுத்து, விளையாட்டாகச் சுண்டினாள். நல்ல சத்தம். அப்பத்தா பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாடு போட்டார், பூ வைத்துவிட்டார், பேருந்து வரைக்கும் வந்து வழியனுப்பினார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் காலை அந்தப் பானை கோழிக்குத் தண்ணீர் வைக்கும் இடத்தில் இருந்தது.

நான் அப்பத்தாவிடம் எதுவும் கேட்கவில்லை. தோழியிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதை அவள் படிப்பாள். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை எனக்குப் புத்தகத்தில் புரிந்ததைவிட அந்தக் கோழிப்பானையில்தான் புரிந்தது. ஏணியின் நடுப்படியில் நிற்கிறவர் மேலே பார்த்து அழுதுகொண்டே கீழே மிதிக்கிறார். எனவே 'குயவரின் பெயரை எழுது' என்று நான் கேட்பது, என் சாதிக்கு ஒரு புதுப் பெருமை வாங்கித் தருவதற்காக அல்ல. 'சிற்பி வம்சம்' என்று ஒரு கொடி செய்து, அதையும் அந்தப் பேராசிரியரின் 'ரத்த'க் கணக்கில் சேர்ப்பதற்காகவும் அல்ல. அப்படிச் செய்தால் அகிச்சத்ராவின் அட்டையில் ஒரு பெயர் ஏறும். கோழிப்பானை அங்கேயே கிடக்கும்.

நம் பக்கத்துக் கேள்வி

இனி தோழர்களுக்கு. 'கீழடியில் கடவுள் கிடைக்கவில்லை' என்று கொண்டாடுகிறோம். கடவுள் கிடைத்த இடங்களை எதிரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த இடங்களிலும் உழைத்தவர்கள் நம் மக்கள் இல்லையா?

1953 மே 27 அன்று திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் தந்தை பெரியார் களிமண் பிள்ளையாரை உடைத்தார். மத உணர்வைப் புண்படுத்தியதாக 295ஆம் பிரிவின் கீழ் வழக்கு. யாரோ செய்த மண் உருவம் பிள்ளையார்போல் இருக்கிறது என்பதாலேயே புனிதப் பொருளாகிவிடாது என்று கீழமை நீதிமன்றங்களும் உயர் நீதிமன்றமும் கருதின. 1958இல் உச்ச நீதிமன்றம், அவர்கள் சட்டப்பிரிவை மிகவும் குறுக்கிப் பொருள்கொண்டுவிட்டார்கள் என்றது. ஆனால் ஆண்டுகள் பல கடந்துவிட்டதால் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மண் எப்போது சாமியாகிறது என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை விவாதிக்க வைத்தவர் பெரியார்.

எங்கள் வீட்டில் அதற்கு விடை உண்டு. ஊர் பிடிமண் கொடுத்தபின் தாத்தா குதிரை செய்யத் தொடங்குவார். புரவி எடுப்பு நாளில் கண் திறப்பார். கண் திறக்கும்வரை அது எங்கள் வீட்டுப் பொருள். எச்சில் கையோடு தொடுவோம், மேலே ஏறி விளையாடுவோம். கண் திறந்த நிமிடம் அது ஊர்ச்சாமி. அன்று தாத்தாவுக்கு மாலை, துண்டு. மறுநாள் அவர் பழையபடி ஊர்ப் பெரியவர்முன் துண்டை இடுப்பில் கட்டி நின்றார்.

சாமி மண்தான் என்று பெரியார் காட்டினார். நான் அதே கேள்வியை இன்னும் ஒரு படி இறக்கிக் கேட்கிறேன்: அந்த மண்ணைப் பிசைந்தது யார்? சாமியை நம்பாதவர்கள் நாம். ஆனால் சாமியைச் செய்த உழைப்பை நம்புகிறவர்கள். சாமியோடு சேர்த்து அந்த உழைப்பையும் 'அது அவர்கள் சமாச்சாரம்' என்று ஒதுக்கினால், பார்ப்பனியம் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகச் செய்ததை நாமும் நாத்திகத்தின் பெயரில் செய்கிறோம்.

அட்டையை மாற்றுவோம்

என் கோரிக்கை சிறியது. அட்டையில் ஐந்தாவது வரி வேண்டும். அகிச்சத்ராவின் கங்கைக்கு நான் எழுதும் வரி இது: 'செய்தவர்கள்: பெயர் பதியப்படாத குயவர்கள். இவர்களை அக்காலத்து நிகண்டு சூத்திரர் பகுதியில் சேர்த்தது.' இரண்டே வாக்கியங்கள். செலவு ஒன்றுமில்லை. ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களைப் படித்தபின் ஒரு பள்ளி மாணவி அந்தச் சிலையைப் பார்க்கும் விதம் மாறும். 'பொற்காலம்' என்று ஆசிரியர் சொன்னால் 'யாருக்கு?' என்று கேட்பாள்.

அருங்காட்சியகங்கள் எழுதும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்தமுறை ஒரு சுடுமண் உருவத்தின் படத்தைப் பகிரும்போது அந்த வரியை நீங்களே சேருங்கள். தொல்லியல் படிக்கும் தம்பி தங்கைகள் ஆய்வேட்டில் சேருங்கள். 'இது உன் ரத்தத்தில் இருக்கிறது' என்று யாராவது சொன்னால், இல்லை, இதைப் படித்துக் கற்றேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். நான் அன்று சொல்லவில்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

என் சாதியில் பிறந்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அட்டையில் நம் பெயரைக் கேட்பதற்கு முன், நம் வீட்டுப் பானையை யார் தொட்டுச் சுண்டிப் பார்க்கலாம் என்பதற்கு விடை சொல்லியாக வேண்டும். அப்பத்தா இறந்துவிட்டார். சூளை இன்னும் இருக்கிறது. சித்தப்பா தைப்பொங்கலுக்கு மட்டும் பானை சுடுகிறார். போன தைக்கு ஊருக்குப் போனபோது, வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும் அவரவரே எடுத்துச் சுண்டிப் பார்த்து வாங்கட்டும் என்று சித்தப்பாவிடம் சண்டை போட்டேன். "யாவாரம் கெட்டுரும்த்தா" என்றார். கெடட்டும் என்றேன். சண்டை இன்னும் முடியவில்லை. வருகிற தைக்கும் போவேன்.